ஒட்டகம் கைமாறிய வாரம்

அக்காவுக்கு அவன் தர வேண்டியது ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூறு. எழுதி வைத்த கடன் இல்லை, வட்டியும் இல்லை. ஆனால் தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் அந்த நானூறைக்கூட விடாமல் சொல்லிவிடுவாள் அக்கா. சலவைக் கடையில் நின்றபடியே இஸ்திரி போட்டுப் பிழைக்கிறவள். சட்டைக்கு இவ்வளவு, கால்சட்டைக்கு இவ்வளவு என்று துணிக்குத் துணி கூலி வாங்குகிறவளுக்கு, நானூறு என்றால் எத்தனை சட்டை என்று கைக்குத் தெரியும்.

அவன் கம்பிக் கதவும் மாடிப்படிக் கைப்பிடியும் செய்கிற பட்டறையில் வெல்டர். பட்டறையில் அவனுக்குப் பெயரும் அதுதான். செல்லமாக ஒரு பெயர் இருந்தது அவன் வண்டிக்குத்தான். ஒட்டகம். மலை, மணல், சேறு எதுவானாலும் ஏறி இறங்கும்படி செய்த உயரமான மோட்டார் சைக்கிள். நடுத்தர உயரமுள்ள ஆள் ஏறி உட்கார்ந்தால் நுனிக்கால்தான் தரையில் படும். இரண்டு விலாவிலும் அலுமினியப் பெட்டி, முதுகில் ஒரு பெட்டி, வயிற்றில் கல் அடிக்காமலிருக்க ஒரு தகடு என்று அவன் ஒவ்வொன்றாகச் செய்து மாட்டியதைப் பார்த்துவிட்டு முதலாளிதான் அப்படிப் பெயர் வைத்தார். தண்ணீர் இல்லாமல் போகிற ஒட்டகம் உண்டு, பெட்ரோல் இல்லாமல் போகிற ஒட்டகம் உண்டா என்று மாதச் சம்பளம் கொடுக்கிற அன்றெல்லாம் கேட்பார்.

வண்டியை வாங்கி ஒன்பது வருஷம் ஆயிற்று. ஆசையாகப் புதிதாக வாங்கி, ஓட்டப் பயந்து போர்த்தி வைத்திருந்த ஓர் எஞ்சினியரிடமிருந்து பாதி விலைக்கு எடுத்தது. அந்தப் பாதி விலை, தொண்ணூறாயிரம், அக்காவின் சேமிப்பு. ஆறே மாதத்தில் தந்துவிடுகிறேன் என்றான். பொய் சொல்லவில்லை, சொல்லுகிற நேரத்தில் அது அவனுக்கு நிஜமாகவே இருந்தது. அப்புறம் மலைக்கு ஏற்ற டயருக்குப் பதினாலாயிரம். நடுவழியில் பெட்ரோல் தீராமலிருக்கப் பெரிய டேங்குக்குப் பதினெட்டு. பள்ளத்தில் விழுந்தால் முதுகெலும்பு தப்பிக்க நல்ல ஷாக் அப்சார்பருக்கு இருபத்திரண்டு. பனிமூட்டத்தில் வழி தெரிய விளக்குக்கு ஒன்பதாயிரத்து நானூறு. ஒரு முறை எஞ்சின் சூடேறி இறுகிப்போனபோது அதைப் பிரித்துச் செய்ய முப்பத்து மூன்று. பெட்டியும் தகடும் முன்பக்கக் கம்பியும் அவனுடைய கைவேலை. பட்டறையில் வெட்டி மிஞ்சிய துண்டுகளில் செய்தது. மற்றதெல்லாம் அக்கா இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் தேய்த்துச் சேர்த்தது.

பெண்டாட்டி பிள்ளை என்று அவனுக்கு யாரும் இல்லை. வருஷம் முழுக்க முகமூடிக்குள் தலையை விட்டு, உள்ளங்கை அகலக் கறுப்புக் கண்ணாடி வழியாக ஒரு நெருப்புப் புள்ளியை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறவன். வேலை குறைகிற மாதத்தில் முதலாளி பட்டறையை மூடினால், மறுநாள் விடிவதற்குள் ஒட்டகம் ஊர் எல்லையைத் தாண்டியிருக்கும். பனி உறைந்த கணவாய்கள், உப்பு மட்டுமே விளைகிற வெள்ளைத் தரை, பாலம் அடித்துக்கொண்டு போன ஆறுகள், எல்லாவற்றையும் பார்த்துவிட்டான். எண்பத்து நாலாயிரம் கிலோமீட்டர். முகமூடியைக் கழற்றி எறிந்தவன் போல, கண் கொள்ளும் மட்டும் பார்த்தான். திரும்பி வந்ததும் இரண்டு மாதம் அக்காவுக்கு ஆயிரம் ஆயிரமாகக் கொடுப்பான். மூன்றாம் மாதம் அதற்கும் சேர்த்து வாங்கிக்கொண்டு போவான். அதனால்தான் அந்தத் தொகை குறையவே இல்லை.

அக்கா பட்டறைக்கு வந்ததே கிடையாது. அன்றைக்கு வந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. கையில் தடி. பட்டறையில் உட்கார நல்ல இடம் ஏது, ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டார்கள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று நின்றுகொண்டாள். நின்று நின்றே தேய்ந்துபோன முழங்கால் இரண்டும் உள்ளே எலும்போடு எலும்பு உரசுகிறதாம். இன்னும் ஒரு மழைக்காலம் தள்ளினால் நடை நின்றுவிடும், இப்போதே மூட்டு மாற்ற வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். ஆபரேஷனுக்கு நாளும் கொடுத்தாயிற்று. அடுத்த திங்கட்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும்.

"இத்தனை வருஷமா நான் கேட்டதில்ல" என்றாள். "இப்பக் கேக்கறேன். எனக்கு வேற வழியில்லடா தம்பி."

அவன் முகமூடியை மேலே தூக்கியபடி நின்றான். எதற்கோ தலையை ஆட்டினான். அக்கா வண்டி நிற்கிற மூலைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் போன பிறகு முதலாளி, என் கையில் இருந்தால் தந்திருப்பேன், ஏற்கெனவே இரண்டு மாதச் சம்பளம் உன் மேல் முன்பணமாக நிற்கிறது என்று நினைவுபடுத்தினார். பிறகு இருவருமே மூலையைப் பார்த்தார்கள். ஒட்டகம் தன்பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது.

அன்று மாலையே படம் எடுத்து, வாங்க விற்க என்று செல்போனில் இருக்கிற சந்தையில் போட்டான். பெட்டி மூன்றும், கம்பியும், விளக்கும், போன இடங்களின் ஸ்டிக்கர்களும் தெரிகிற மாதிரி முதலாளியே எடுத்துக் கொடுத்தார். எழுதுகிற இடத்தில், நிறைய ஓடிய வண்டி, நன்றாகப் பார்த்துக்கொண்ட வண்டி, அவசரம், என்று மட்டும் போட்டான். அவசரம் என்று போடாதே, பிணம் விழுந்த இடத்துக்குக் கழுகு வருகிற மாதிரி வருவார்கள் என்று முதலாளி சொல்வதற்குள் போய்விட்டது.

வந்தார்கள். ஒருத்தன் வணக்கம்கூடச் சொல்லாமல் கடைசி விலை என்ன என்று கேட்டான். இன்னொருத்தன் பணத்துக்குப் பதிலாக ஒரு ஃபிரிட்ஜும் இரட்டைக் கட்டிலும் தருவதாகச் சொன்னான். தனி ஆளுக்கு இரட்டைக் கட்டில் எதற்கு என்று கேட்டபோது, வாங்கிப் போட்டால் எல்லாம் தானாகக் கூடி வரும் என்று ஆறுதல் சொன்னான். மூன்றாவதாகக் கூப்பிட்டவர் ஓர் ஆம்புலன்ஸ் டிரைவர். அளவாகப் பேசினார். எஞ்சின் எண்ணெய் எப்போது மாற்றியது, செயின் எத்தனை நாளைக்கு வரும், எங்கெல்லாம் போயிருக்கிறது என்று விசாரித்தார். கடைசியில், "படத்தைப் பார்த்தோம். எனக்கும் வீட்டுக்காரிக்கும் பிடிச்சிருக்கு. ஒண்ணு தொண்ணூறு தர்றோம். எனக்கு ஞாயித்துக்கிழமைதான் லீவு, வந்து எடுத்துக்கறோம்" என்றார்.

ஒன்று தொண்ணூறு. அக்கா பணம் போக மூவாயிரத்து அறுநூறு மிஞ்சும். ஞாயிறு வாங்கித் திங்கள் கொடுத்துவிடலாம். அளவெடுத்துத் தைத்தாற்போல இருந்தது. அவன் அன்றிரவு நன்றாகத் தூங்கினான். இருக்கிறதை விட்டுப் பறக்கிறதைப் பிடிக்கப் போகாமல் அதோடு விட்டிருந்தால் நமக்கும் சொல்ல ஒன்றும் இருந்திராது.

அடுத்த தெருவில் பழைய வண்டி வாங்கி விற்கிற ஆள் ஒருவர் உண்டு. எதைக் கொண்டுபோனாலும் முதலில் பாதி விலை கேட்பதால் அவருக்கு அரைவிலை என்று பெயர். டீ குடிக்கிற இடத்தில் விஷயம் காதில் விழுந்து, ஒட்டகத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். ஒன்று தொண்ணூறா என்று புருவத்தைத் தூக்கினார். பிறகு அவனைத் தனியாகக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டார்.

"வெல்டரே, நீ சின்னப் பிள்ளையா? ஒண்ணு தொண்ணூறுங்கறது வண்டிக்கு விலை. நீ போட்ட சாமானுக்கு அவன் என்ன தர்றான்? சும்மா அள்ளிட்டுப் போறான். ஊர்ல வழக்கம் என்ன? சாமானைக் கழட்டித் தனியா வித்துட்டு, கம்பெனியிலேருந்து வந்த மாதிரி வண்டியத் தனியா விக்கறது. சாமானை நானே எடுத்துக்கறேன். முப்பதுக்குக் குறையாது."

அவன் யோசித்தான். யோசித்ததில் ஒன்று அவனுக்கு நியாயமாகப் பட்டது. பெட்டியும் கம்பியும் பட்டறைத் துண்டில் தன் கையால் அடித்தவை. அவற்றுக்கென்று ஒருத்தர் பணம் தருவார் என்று அவனுக்கு இதுவரை தோன்றியதே இல்லை. கம்பெனி முத்திரை உள்ளதற்குத்தான் விலை, கூலிக்காரன் கைவேலைக்கு என்ன விலை. அப்படியிருக்க, விலையே இல்லாததற்கு முப்பது வருகிறதென்றால்? அக்காவுக்குக் கொடுத்தது போக ஒரு பழைய ஸ்கூட்டராவது வாங்கலாம். காலை ஆறு மணிக்கு பஸ்ஸில் தொங்க வேண்டாம். ஆசை யாரை விட்டது.

புதன்கிழமை வேலை முடிந்ததும் ஸ்பேனரை எடுத்தான். பரணில் ஏறி, ஒன்பது வருஷத்துக்கு முன் கழற்றிப் போட்ட கம்பெனிச் சாமான்களை இறக்கினான். சின்ன டேங்க், பழைய ஷாக், பிளாஸ்டிக் மூடிகள். எல்லாவற்றுக்கும் கீழே, சாக்கில் சுற்றிப் பின் சீட்.

அந்த வண்டிக்கு இருக்கை இரண்டு துண்டு. முன்னால் ஓட்டுகிறவனுக்கு ஒன்று, பின்னால் உட்காருகிறவருக்கு ஒன்று. வாங்கிய முதல் வாரமே பின்னதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பெட்டிக்கான தகட்டை வைத்து முடுக்கியிருந்தான். சாக்கை உருவினால், சீட்டின் மேல் கம்பெனிக்காரன் போட்ட கண்ணாடித்தாள் கிழியாமல் அப்படியே இருந்தது. எஞ்சினியரும் யாரையும் ஏற்றவில்லை, இவனும் ஏற்றவில்லை.

அவன் அதை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பணம் வாங்கின அன்று அக்காவிடம் ஒன்று சொல்லியிருந்தான்: வண்டி வந்ததும் முதல் சவாரி உனக்குத்தான், கடல் வரைக்கும் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். அக்கா கடலைப் பார்த்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு சொல்லி, மதியத்துக்குச் சாப்பாடு கட்டி, தலையில் கட்ட ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். இவன் போய் நிறுத்தியபோது பின் சீட் இருந்த இடத்தில் தகடு இருந்தது. பெட்டி சரியாக உட்காருகிறதா என்று பார்க்கத் தகட்டை முடுக்கினவன், அங்கே அக்கா உட்கார வேண்டும் என்பதையே மறந்துபோயிருந்தான். அடுத்த வாரம் மாற்றிவிடுகிறேன் என்றான். சரி என்றாள். அவளுக்கு அப்போது முழங்கால் நன்றாக இருந்தது. ஒரே எட்டில் ஏறி உட்கார்ந்திருப்பாள். அடுத்த வாரம் அவன் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. நான்கு போல்ட். கழற்றி மாட்டக் கால் மணி நேர வேலை. ஒன்பது வருஷத்தில் அந்தக் கால் மணி நேரம் வரவில்லை.

சீட்டைத் துடைத்து மாட்டினான்.

அதோடாவது நிறுத்தினானா? பெட்டியைக் கழற்றினதும் வண்டியின் விலாவெல்லாம் தழும்பு. கணவாயில் கல் சரிந்தபோது பட்ட அடி, ஆற்றுக்குள் சாய்ந்தபோது விழுந்த பள்ளம், பெட்டி உரசிப் பெயின்ட் போன இடம். வெல்டரின் கை சும்மா இருக்குமா. கண்ணுக்குக் கோணல் பட்டால் நிமிர்த்தாமல் விடாத கை. பள்ளத்தைத் தட்டி எடுத்து, பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டறைக் கம்ப்ரஸரிலேயே பெயின்ட் அடித்தான். ஸ்டிக்கர்களை வெந்நீர் ஊற்றிச் சுரண்டி எடுத்தான். வெள்ளிக்கிழமை வேலை முடிந்தபோது ஒட்டகம் இல்லை. தேய்ந்து கட்டெறும்பாகி, கடையில் வரிசையாக நிற்கிற வண்டிகளில் ஒன்றாக ஒல்லியாக நின்றது. முதலாளி வந்து பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். "என்னய்யா, குளிப்பாட்டி மொட்டையடிச்சு வச்சிருக்க?" என்றார்.

அரைவிலை சாமான்களைப் பார்க்க வந்தபோது முகம் வேறாக இருந்தது. ஷாக் பழசு, மூவாயிரம். டேங்கில் துரு, இரண்டாயிரத்து ஐநூறு. விளக்குக்குத் தொள்ளாயிரம். முன்கம்பிக்கு அறுநூறு. பெட்டி மூன்றும் அலுமினிய எடைக்குத்தான் போகும், ஆயிரத்து நானூறு. ஆக எட்டாயிரத்து நானூறு. முப்பது என்றீர்களே என்று இவன் கேட்டதற்கு, மாட்டியிருந்தபோது முப்பது மாதிரித் தெரிந்தது, கழற்றினால்தானே உள்ளே எப்படி என்று தெரிகிறது என்றார். திரும்ப மாட்ட நாளும் இல்லை, இவனுக்குத் தெம்பும் இல்லை. வண்டிக்கு ஒன்று தொண்ணூறு வரும்போது இதில் என்ன வம்பு என்று கொடுத்துவிட்டான்.

ஞாயிறு காலை ஆம்புலன்ஸ் டிரைவரும் அவர் மனைவியும் வந்தார்கள். மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவளாம். இருவரும் ஒரே மாதிரி பூட்ஸ் போட்டிருந்தார்கள்; புதிது, இன்னும் நடந்து பழகவில்லை. பட்டறைக்குள் நுழைந்தவர்கள் வண்டியைத் தாண்டிப் போய் உள்ளே தேடினார்கள்.

"இதான்" என்றான் அவன்.

"படத்துல இருந்த பெட்டியெல்லாம் எங்க?" என்று அவள்தான் கேட்டாள்.

கழற்றிவிட்டேன், கம்பெனியில் இருந்து வந்தது போலச் செய்துவிட்டேன் என்று சொன்னான். நல்ல செய்தி சொல்லுகிற குரலில்தான் ஆரம்பித்தான். பாதியிலேயே குரல் இறங்கிவிட்டது. அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விஷயம் இதுதான்: இருவருக்கும் சேர்ந்தாற்போல ஒரு மாதம் லீவு கிடைத்திருக்கிறது. கல்யாணமாகி நாலு வருஷத்தில் முதல் தடவை. அடுத்த வாரம் கிளம்ப வேண்டும். பெட்டி, தகடு, விளக்கு எல்லாம் தேடி வாங்கி மாட்ட நேரமில்லை, தெரியவும் தெரியாது. தெரிந்த ஒருத்தர் பார்த்துப் பார்த்துச் செய்த வண்டி, ஏறி உட்கார்ந்து கிளம்ப வேண்டியதுதான் என்றுதான் அந்த விலைக்கு ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

"சும்மா வண்டின்னா கடையிலயே கிடைக்குமே அண்ணே" என்றார் டிரைவர். "அந்தப் பெட்டிக்கும் கம்பிக்கும்தான் நாங்க வந்தது. பின் பெட்டிய மட்டும் எடுத்துட்டு அங்க இவ உக்காரலாம்னு இருந்தோம்."

அவன் கைவேலைக்கு விலை உண்டு என்று ஒருத்தர் தேடி வந்து சொல்லுகிறார். அதை எடைக்குப் போட்டது அவனேதான். அங்கேயே நின்று அரைவிலைக்குப் போன் போட்டான். மறுமுனையில் சிரிப்பு. பெட்டி மூன்றும் நேற்றே போய்விட்டது, எவனோ பேரம்கூடப் பேசாமல் பன்னிரண்டாயிரத்துக்கு எடுத்துக்கொண்டு போனான், யார் எந்த ஊர் என்றெல்லாம் யாருக்குத் தெரியும். டேங்கும் ஷாக்கும் இருக்கிறது, வேண்டுமானால் இருபதாயிரம் கொண்டு வா.

அதற்குள் டிரைவர் வண்டியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து விலாவைத் தடவிக்கொண்டிருந்தார். தடவின விரலை முகர்ந்தார்.

"புதுப் பெயின்ட். அடியில பட்டி பூசியிருக்கு. எங்க அண்ணே அடிபட்டது?"

எங்கும் அடிபடவில்லை, சின்னச் சின்னத் தழும்பு, பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று அடித்தேன் என்றான். சொல்லும்போதே தன் காதுக்கே அது பொய் போலக் கேட்டது. அடிபடாத வண்டிக்கு யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள் என்றார் டிரைவர். தினமும் ரோட்டில் நசுங்கின வண்டிகளுக்கு நடுவிலிருந்து ஆட்களை எடுக்கிறவர் அவர், சந்தேகப்பட்டதில் தப்பில்லை. தழும்போடு விட்டிருந்தால் எந்த அடி எங்கே பட்டது என்று விரல் வைத்துக் காட்டியிருப்பான். வேலை அவ்வளவு சுத்தமாக இருந்ததால் காட்ட ஒன்றும் இல்லை.

பழைய படங்களைக் காட்டினான். தழும்பு இருந்த இடம் தெரியட்டும் என்று செல்போனை அவளிடம் கொடுத்தான். பனியில் ஒட்டகம், மணலில் ஒட்டகம், உடைந்த பாலத்துக்கு முன்னால் ஒட்டகம். அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

"எல்லாத்துலயும் வண்டி மட்டும்தான் இருக்கு. நீங்க ஒண்ணுலகூட இல்லையே?"

"எடுக்க ஆள் இல்லம்மா."

அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். வண்டியைச் சுற்றி வந்து பின் சீட்டின் மேல் கை வைத்து அழுத்தினாள். கண்ணாடித்தாளைப் புதன்கிழமையே கிழித்துவிட்டிருந்தான். மெத்தை புதிதாகக் கெட்டியாக இருந்தது.

"ஒரு மாசம் நான் இதுலதான் உக்காரணும். பின்னால உக்காந்தா எப்படிண்ணே இருக்கும்? மேட்டுல தூக்கிப் போடுமா? இடுப்பு வலிக்குமா?"

எண்பத்து நாலாயிரம் கிலோமீட்டர் ஓட்டியவன். எந்த நட்டு எந்த வேகத்தில் முனகும் என்று தெரிந்தவன். நன்றாக இருக்கும் என்று சொல்லியிருக்கலாம், விற்கிறவர்கள் சொல்லுவார்கள். அவன் நாக்கு அதற்கு வரவில்லை.

"தெரியாதும்மா" என்றான். "யாரும் உக்காந்ததில்ல."

என்ன காரணமோ, அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு அவன் மேல் நம்பிக்கை வந்தது. இவர் பொய் சொல்கிற ஆள் இல்லை என்று புருஷனிடம் மெல்லச் சொன்னது இவன் காதிலும் விழுந்தது. டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போய் வந்தார். எஞ்சின் சத்தம் கேட்டதும் அவர் முகம் தெளிந்துவிட்டது. ஆனாலும் கணக்கு கணக்குதான். பெட்டி, கம்பி, டேங்க் எல்லாம் இனி வாங்க வேண்டும். பெயின்ட் சந்தேகமும் போகவில்லை. ஒன்று ஐம்பத்தைந்து என்றார். முதலாளி குறுக்கே வந்து ஒன்று அறுபதாவது போடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். அந்தப் பெண் வருத்தமாகத் தலையை ஆட்டினாள். நாளை திங்கள். வேறு ஆளைத் தேட நாள் இல்லை.

யானையை விற்றுவிட்டு அங்குசத்துக்கு வாதாடுவார்கள் சிலர். அவன் வாதாடவில்லை. சாவியோடு ஸ்பேனர் பையையும் கொடுத்தான். செயினுக்கு எப்போது எண்ணெய் விட வேண்டும், ஏற்றத்தில் எந்தக் கியரில் வைக்க வேண்டும் என்று சொன்னான். பின்னால் ஆள் இருந்தால் ஷாக்கை இரண்டு பல் முடுக்க வேண்டும் என்றும் சொன்னான்; அது புத்தகத்தில் போட்டிருந்ததைப் படித்தது. அவள் ஏறி உட்கார்ந்து புருஷனின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பள்ளம் வந்தபோது வண்டி ஒருமுறை ஏறி இறங்கியது. அவள் தூக்கிப் போடப்படவில்லை. சௌகரியமாகத்தான் உட்கார்ந்திருந்தாள். திருப்பம் வரை அதை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றான்.

திங்கட்கிழமை காலையிலேயே சலவைக் கடைக்குப் போனான். அக்கா இஸ்திரி மேஜைக்கு முன்னால், ஒரு காலுக்கு அடியில் பலகை வைத்து, உடம்பு முழுவதையும் இடது கையால் மேஜையில் ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். ஆவியில் முகம் நனைந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் வரை வேலைக்கு வருவாளாம். அக்காவின் மகள் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

பையைக் கொடுத்தான். அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துவிட்டு எண்ணினாள். எண்ணி முடிக்கும் வரை அவன் சுவரில் தொங்கின யாரோ ஒருவரின் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு லட்சத்து அறுபத்து மூணாயிரத்து நானூறு" என்றாள்.

"இருபத்து மூணு குறையுதுக்கா." வண்டி எப்படிப் போனது என்று சொல்ல ஆரம்பித்தான். கழற்றியதை, பெயின்ட் அடித்ததை, அரைவிலை சொன்னதை. அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள், கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். "மாசம் ரெண்டாயிரமாக் கொடுத்துடறேன்க்கா. இந்தத் தடவை கண்டிப்பா. இனிமே எனக்கு என்ன செலவு இருக்கு?"

"வேணாம்" என்றாள் அக்கா.

"இல்லக்கா—"

"நீ ஒண்ணே கால் லட்சம் கொண்டு வருவேன்னு வச்சுத்தான் நாங்க ஏற்பாடு பண்ணினோம். மீதிக்குப் பொண்ணு வளையலை அடகு வச்சிருக்கா. நீ அதுக்கு மேலதான் கொண்டு வந்திருக்க. ஒரு வளையல மீட்டுடலாம்."

அவளுடைய மகள் மடிப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கையில் ரப்பர் வளையம் ஒன்று மட்டும் இருந்தது.

"அந்த இருபத்து மூணு எனக்கு வேணாம்டா தம்பி. முழு மனசோடதான் சொல்றேன். தருவியா, இந்த மாசம் தருவியான்னு பார்த்துக்கிட்டே இருந்தாச்சு. காத்துக்கிட்டு இருக்கறதும் நிக்கற வேலைதான். டாக்டர் இனிமே நிக்கக் கூடாதுன்னுட்டாரு."

மகள் சிரித்தாள். அக்காவும் லேசாகச் சிரித்தாள். அவனும் சிரிக்கப் பார்த்தான்.

ஆஸ்பத்திரிக்கு நான் வந்து கூட்டிப் போகிறேன் என்றான். வேண்டாம், கடை முதலாளியின் வேன் வருகிறது, படுத்தபடியே போகலாம் என்று மகள் சொன்னாள். ராத்திரி துணைக்கு இருக்கிறேன் என்றான். பெண்கள் வார்டு, ஆம்பளைகளை விட மாட்டார்கள் என்றாள். சரி, பார்க்கும் நேரத்தில் வருகிறேன் என்றான். வா என்றாள் அக்கா. கடலைப் பற்றி ஏதாவது சொல்லலாமா என்று அவன் வாய் வரைக்கும் வந்தது. எதில் கூட்டிப் போவான்? விழுங்கிக்கொண்டான்.

அக்கா பணத்தைத் துணிப்பையில் போட்டு முடிச்சிட்டு மகளிடம் கொடுத்தாள். பிறகு அவனைப் பார்த்து, பிறந்த நாளிலிருந்து அவனைப் பார்த்துப் பழகின அதே சாதாரண முகத்தோடு சொன்னாள்:

"சரி. கணக்கு தீர்ந்துச்சு. உங்கிட்ட எனக்கு இனிமே வரவேண்டியது ஒண்ணும் இல்ல."

இஸ்திரிப் பெட்டியை எடுத்துச் சட்டையின் காலரில் வைத்தாள். புஸ்ஸென்று ஆவி எழுந்தது. வாடிக்கையாளர் ஒருவர் துணி மூட்டையோடு படியில் காத்திருந்தார். அவன் வழியை விட்டு ஒதுங்கி நின்றான்.